எதோடு ஒத்துப் பார்த்தீர்கள்?

நான் வேலையை விட்ட பிறகு என் மேசைக்கு வந்தவள் துர்கா. போன மாதம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் சில வரி ஜாவா நிரல் ஒன்றை அனுப்பி, “அக்கா, ஓகேவான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தாள். அது வந்தபோது நான் மருத்துவமனையில், மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரூபிணிக்கு டெங்கிக் காய்ச்சல். செய்தி வந்ததைப் பார்த்தேன், திறக்கவில்லை. உடனே திறந்திருந்தால் அந்த வாரத்தின் மிக மோசமான பொழுது எனக்கு இல்லாமல் போயிருக்கும். அந்தப் பொழுதிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

ரூபிணி வீட்டுக்கு வந்துவிட்டாள். துர்கா இப்போது வேறொன்று கேட்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜாவா வகுப்பு எடுக்கிறாள். அவர்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்கு, கோப்பின் ஹேஷ் என்றால் என்ன, அதைக் கணக்கிடுவது எப்படி என்று நான் எழுதித் தரவேண்டுமாம். “புத்தகத்துல உள்ளத எழுதாதீங்கக்கா. அது அவங்களுக்கே கெடைக்கும். உங்களுக்கு நடந்தத எழுதுங்க” என்றாள். எழுதத் தெம்பில்லை. ஆனாலும் அவள் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. அதில் பாதி அவளுக்கும் நடந்ததுதான்.

டிப்ளமா முடித்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதலில் சோதனைப் பிரிவு, பிறகு ஆவணப் பிரிவு, கடைசியாக மென்பொருள் வெளியீட்டு மேசை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. தப்பு செய்தால் மட்டும் சொன்னார்கள். ஜாவாவை நானாகத்தான் படித்தேன், ரூபிணி கைக்குழந்தையாக இருந்தபோது, அவளைத் தொடையில் போட்டுக்கொண்டு.

அந்தத் தொழிற்சாலையில் நோயாளிகளுக்கு டிரிப் ஏற்றும் பம்ப் செய்தோம். மணிக்கு இத்தனை மில்லி என்று தாதி எண்ணை அழுத்தினால், மோட்டாரை அந்த வேகத்தில் சுழலவைப்பது பம்புக்குள் இருக்கும் மென்பொருள். அதை எழுதுகிறவர்கள் மாடியில் இருந்தார்கள். பம்புக்குள் ஏற்றுகிறவர்கள் கீழே, உற்பத்தி வரிசையில். நடுவில் எங்கள் மேசை. மாடியிலிருந்து புறப்பட்ட கோப்புதான் கீழே போய்ச் சேர்ந்தது என்று சொல்வது மட்டுமே எங்கள் வேலை. கோப்பு நல்லதா கெட்டதா என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. இந்த வித்தியாசத்தைப் புதியவர்கள் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான் வெகு காலம் அதைச் சௌகரியமாகத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோப்பு என்பது பைட்டுகளின் நீண்ட வரிசை. படமானாலும் பாட்டானாலும் நிரலானாலும் அதுதான். அந்த வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு கணக்குக்குள் செலுத்தினால், முடிவில் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எண் வரும். அதுதான் ஹேஷ். கோப்பு சிறியதோ பெரியதோ, எண்ணின் நீளம் மாறாது. ஷா-256 என்ற முறையில் அது அறுபத்து நான்கு எழுத்தாக வரும்: சைபர் முதல் ஒன்பதுவரை எண்கள், ஏ முதல் எஃப்வரை எழுத்துகள். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். எண்ணை வைத்துக்கொண்டு கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. முன்பு எம்டி5 என்ற முறையைத்தான் வைத்திருந்தோம். அதில் ஒரே எண் வருகிறமாதிரி இரண்டு கோப்புகளை வேண்டுமென்றே செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டோம்.

அறுபத்து நான்கு எழுத்தை இரண்டு பேர் ஒத்துப் பார்க்கவேண்டும். கண்ணால் பார்த்தால் முதல் நாலும் கடைசி நாலும் பார்த்துவிட்டுக் கண் சரி என்று சொல்லிவிடும். அதனால் நாங்கள் சத்தமாகப் படிப்போம், நான்கு நான்காக. பீயும் டீயும் ஈயும் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் ஏ முதல் எஃப்வரை ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டோம். ஆயாம், போலா, சிச்சாக், டுரியான், எப்பால், ஃபெரி. கோழி, பந்து, பல்லி, டுரியான் பழம், ஆப்பிள், படகு. சைபருக்குக் கோசோங். முதல் வகுப்புப் பிள்ளைகள் பாடம் படிக்கிறமாதிரி இருக்கும். என்னோடு சேர்ந்து படித்தவள் ஜெசிந்தா.

“நாலு சிச்சாக், எட்டு சிச்சாக்” என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். “இன்னிக்கு ஏன்க்கா இத்தன பல்லி? அடுத்த வரியிலயும் வருது பாருங்க. ஏர்கோன் ஆளக் கூப்பிட்டுக் கூட்டச் சொல்லணும்.”

“படி லா. புவான் வராங்க.”

புவான் சல்மா எங்கள் மேலதிகாரி; புவான் என்பது மலாயில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். மெல்லிய குரல். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பேனா வைத்துக்கொள்ள மாட்டார், எப்போதும் பென்சில்தான். யாருடைய நாற்காலியிலும் உட்கார மாட்டார். பின்னால் வந்து நின்று, கண்ணாடியை இறக்கி, தாளைப் பார்ப்பார். பிறகு மலாயில் ஒரே சொல்லாகக் கேட்பார். “சாமா?” இரண்டும் ஒன்றுதானா என்று அர்த்தம்.

“சாமா, புவான்.”

“எதோடு?”

முதலில் சேர்ந்தபோது இந்த இரண்டாவது கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. எதோடு என்றால் என்ன, கையில் இருக்கும் தாளோடுதான். ஆனால் அவர் விடமாட்டார். இந்த எண் எந்த இடத்தில் எடுத்தது, எந்தக் கோப்பிலிருந்து, எந்தக் கருவியால். அந்த எண் எங்கே எடுத்தது, எதிலிருந்து, எதனால். எல்லாவற்றையும் நாங்கள் வாயால் சொல்லவேண்டும். கேட்டு முடித்த பிறகுதான் பென்சிலால் மூலையில் ஒரு சின்னக் கோடு. பாராட்ட மாட்டார். எல்லாம் சரியாக இருந்தால், “ஓகே, மாக்கான்” என்பார். போய்ச் சாப்பிடுங்கள். அதுதான் அவரிடம் கிடைக்கிற பாராட்டு. பசியில்லாத நேரத்திலும் அதைக் கேட்க நன்றாக இருக்கும்.

இனி அந்த ஒரு நாளைப் பற்றி.

காலையில் மாடியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. படித்தோம், பதிந்தோம். கீழே இருந்தவர்கள் அவசரத்தில் ஒரு தொகுதி பம்புகளுக்கு அதை ஏற்றவும் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் மாடியில் சோதித்தவர்களுக்கு ஒரு பிழை அகப்பட்டது. பம்பின் மின்சாரக் கம்பியைப் பிடுங்கி அது பேட்டரிக்கு மாறும்போது, மோட்டார் இப்போதைய நோயாளிக்கு வைத்த வேகத்தை விட்டுவிட்டு, இதற்கு முந்தைய நோயாளிக்கு வைத்திருந்த வேகத்துக்குப் போய்விடும். திரையில் மட்டும் சரியான எண்ணே தெரியும். எப்போதும் நடக்காது, சில நேரம் நடக்கும். அது எவ்வளவு கெட்டது என்று விளக்கவேண்டியதில்லை.

மத்தியானம் திருத்திய கோப்பு வந்தது. அதே பதிப்பு எண்ணோடு. அந்த எண்ணை அரசாங்கத்தில் பதிந்தாகிவிட்டது, மாற்றினால் எல்லாத் தாள்களும் மறுபடி முதலிலிருந்து போகவேண்டும் என்றார்கள். கீழே ஏற்கெனவே ஏற்றிய பம்புகளுக்குத் திரும்ப ஏற்றவேண்டுமா என்று கேள்வி வந்தது. நாங்கள் எங்கள் கருவியில், அதாவது ஹேஷ் கணக்கிடும் சின்ன ஜாவா நிரலில், புதிய கோப்பைப் போட்டோம். ஜெசிந்தா திரையையும் காலையில் பதிந்த தாளையும் வைத்துப் படித்தாள். ஆயாம் முதல் ஃபெரிவரை எல்லாம் ஒத்துப்போனது.

“அக்கா, நல்ல சேதி. ரெண்டும் சாமா. கீழ உள்ளவங்க மறுபடி ஏத்த வேணாம்” என்றாள். “இன்னிக்காவது ஜாம்ல மாட்டாம வூட்டுக்குப் போலாம் லா.”

புவான் சல்மா வந்து நின்றார்.

“சாமா?”

“சாமா, புவான்.”

“எதோடு?”

“காலையில் வந்த கோப்போடு.”

பென்சில் தாளைத் தொட்டது, கோடு போடவில்லை. மெதுவாகக் கேட்டார். “மத்தியானம் வந்ததில் திருத்தம் செய்திருக்கிறார்கள், இல்லையா?”

“ஆமாம், புவான்.”

“அப்படியென்றால் ஏன் சாமா?”

அத்தனை வருடம் ‘சாமா’ என்பது நல்ல செய்தியாகவே இருந்ததால், அது கெட்ட செய்தியாக இருக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஜெசிந்தாதான் முதலில் சுதாரித்தாள். “மாடியில மறந்துட்டுப் பழசையே அனுப்பிட்டாங்களோ?” கோப்புகளின் அளவைப் பார்த்தோம். இரண்டும் வேறு வேறு அளவு.

“வேறு வேறு அளவில் இரண்டு கோப்பு, ஒரே ஹேஷ்” என்றார் புவான் சல்மா. “உலகத்தில் யாரும் காணாத அதிசயம் நம் மேசையில் நடந்திருக்கிறது. இல்லாவிட்டால் நம் கருவி பொய் சொல்கிறது.” பிறகு, கீழேயிருந்து ஒரு பம்பைக் கொண்டுவரச் சொன்னார்.

பம்ப் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் தனக்குள் இருக்கும் கோப்பின் ஹேஷைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அந்த நிரல் மாடியில் வேறு ஆட்கள் வேறு மொழியில் எழுதியது. பழுதுபார்ப்பவர்களுக்கான பக்கத்துக்குப் போனால் அந்த எண் தெரியும். எங்கள் செயல்முறைத் தாளில் அதைப் பார்க்கச் சொல்லும் வரி இல்லாததால் நாங்கள் பார்த்ததே இல்லை. ஜெசிந்தா படிக்கத் தொடங்கினாள். முதல் நான்கு எழுத்திலேயே நிறுத்திவிட்டாள். எங்கள் தாளில் இருந்தது அதுவல்ல.

எங்கள் கருவியின் மூல நிரலைத் திறந்தோம். அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுகிறேன்.

```
MessageDigest md = MessageDigest.getInstance("SHA-256");
byte[] buf = new byte[8192];
int n;
while ((n = in.read(buf)) != -1) {
    md.update(buf, 0, n);
}
byte[] hash = md.digest();
```

இதைப் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் ஃபெரியாக நினைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் நிற்கும் கூட்டம்தான் கோப்பு. ‘பஃப்’ என்பது படகு. ஒரே நேரத்தில் எல்லாரையும் ஏற்ற முடியாது, அதில் இருக்கும் இடம் அவ்வளவுதான். ‘ரீட்’ என்றால் ஒரு நடை. ஒவ்வொரு நடையிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ‘என்’னில் இருக்கும். ‘அப்டேட்’ என்பது இக்கரையில் இறங்குகிறவர்களைக் கணக்கில் சேர்ப்பது. அக்கரையில் ஆளே இல்லை என்ற நிலை வரும்போது ரீட் மைனஸ் ஒன்று என்று சொல்லும். அதுவரை படகு போய்வந்துகொண்டே இருக்கவேண்டும். அதற்குத்தான் ‘வைல்’. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு ‘டைஜஸ்ட்’ மொத்தக் கணக்கைச் சொல்லும்.

எங்கள் பழைய கருவியில் ‘வைல்’ இல்லை. படகு ஒரே நடை வந்து நின்றுவிட்டது. அக்கரையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் முதல் படகில் வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இதுதான் மொத்தம் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் கோப்புகளின் தொடக்கத்தில் முகப்புப் பகுதி ஒன்று உண்டு. மாடல் பெயர், பதிப்பு எண், மிச்ச இடம் முழுக்கச் சைபர். முதல் படகு அதிலேயே நிறைந்துவிடும். பதிப்பு எண் மாறும்போதெல்லாம் ஹேஷும் மாறியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதிப்பு எண் மாறாமல் உள்ளே மட்டும் மாறிய அன்றுதான் வெளியே வந்தது.

நானும் ஜெசிந்தாவும் ஒரு எழுத்துக்கூடத் தப்பாகப் படித்ததில்லை. அதுதான் என்னை மிகவும் திகைக்கவைத்தது. கவனமாக, சத்தமாக, இரண்டு பேராக, ஒரே கருவியின் பொய்யை அதே கருவியின் பொய்யோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. காலைக் கோப்பு ஏறிய பம்புகளில் ஒரு பகுதி பெட்டிகளில் அடைத்து, லோரியில் பாலம் தாண்டி அக்கரைக் கிடங்குக்குப் போயிருந்தது. திரும்ப வரவழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் திருத்திய கோப்பை ஏற்றினார்கள். எல்லாம் வந்துவிட்டன என்று புவான் சல்மா சொன்னார். அவர் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று நம்பினேன். கண்ணால் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே எண்ணில் இரண்டு கோப்பு வரவே கூடாது என்று விதி வந்தது. ஆனால் அந்த ஒரு பதிப்பு மட்டும் அதே எண்ணோடு வெளியே போய்விட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் காலைக் கோப்புக்கும் மத்தியானக் கோப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஹேஷ் மட்டும்தான் அதைச் சொல்லும்.

புவான் சல்மா ஓய்வு பெற்றார். ஜெசிந்தா சிங்கப்பூருக்குப் போனாள். பிறகு நானும் வந்துவிட்டேன். உடம்பு முன்போல ஒத்துழைக்கவில்லை. கெலுகோர் வீட்டில் சமைத்துக்கொண்டு, ரூபிணியின் கல்லூரி நேரத்துக்குக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

டெங்கியில், காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். உடம்புக்குள் போகும் தண்ணீர் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல், அதனால் பம்பில் வைத்திருக்கிறோம் என்றார். என் கணவர் தாசேக் கெலுகோரில் எண்ணெய் ஆலையில் இருக்கிறார்; வேலை முடிந்து வர நேரமாகும். பகலில் நான் மட்டும்தான். அன்று காலை ரூபிணியை வயிற்று ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். பம்பின் கம்பியைப் பிடுங்கி, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பேட்டரி தீர்ந்து பம்ப் அணைந்திருந்தது. மிஸ்ஸி கம்பியைச் சொருகி மறுபடி ஓடவிட்டார். நாங்கள் இங்கே தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். திரையில் ஒரு கணம் மாடல் பெயரும் பதிப்பு எண்ணும் தெரிந்தன.

அன்று இரண்டு கோப்புக்கும் இருந்த அதே எண்.

“மிஸ்ஸி, இந்தப் பம்ப மாத்தித் தர முடியுமா?”

“ஏம்மா? நல்லாத்தானே ஓடுது.”

“கம்பியப் பிடுங்குனப்போ வேகம் மாறியிருக்கலாம்.”

அவர் குனிந்து பார்த்தார். “டாக்டர் வச்ச வேகந்தாம்மா காட்டுது.”

“அது காட்டும். ஓடுறது வேறயா இருக்கலாம்.”

“வார்டுல உள்ளது எல்லாமே இதே மாடல்தான்.” பொறுமையான பெண். வேறு யாராவது இருந்தால் அதட்டியிருப்பார்கள். “நீங்க டாக்டரா?”

“இல்ல. இத செஞ்ச எடத்துல வேல பாத்தேன்.”

அவர் டிரிப் குழாயைப் பம்பிலிருந்து எடுத்து, உருளையைக் கையால் திருகி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணத் தொடங்கினார். இன்னொரு கையால் தொலைபேசியில் பழுதுபார்க்கும் ஆளைக் கூப்பிட்டார்.

வந்தவர் சரவணன் என்ற இளைஞர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஹேஷ் இதுலயே இருக்குக்கா, செர்விஸ் பக்கத்துல” என்றார். “ஆனா எதோட ஒத்துப் பாக்குறது? சரியான ஹேஷ் உள்ள கடுதாசி ஏஜெண்டு ஆபீஸ்ல இருக்கு. கேட்டா நாளைக்குத்தான் வரும்.”

“நாளைக்கு வரைக்கும் மிஸ்ஸி சொட்ட எண்ணிக்கிட்டு இருக்க முடியாது தம்பி. நீங்க படிங்க, நான் கேக்குறேன்.”

துர்காவை அழைத்தேன். பதிப்பு எண்ணைச் சொல்லி, வெளியீட்டில் இருக்கும் கோப்பின் ஹேஷ் வேண்டும் என்றேன். என் குரலைக் கேட்டுப் பயந்துவிட்டாள். “பதிவு தேட நேரமாகும்கா. கோப்பு இங்கயே இருக்கு, நானே கணக்குப் போட்டுத் தரேன், இருங்க.” விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடியே படித்தாள். “ஏழு போலா, மூணு ஃபெரி.”

சரவணன் திரையைப் பார்த்தார். “இங்க ரெண்டு டுரியான், எட்டு ஆயாம்னு இருக்கேக்கா.”

“அடுத்தது படி துர்கா.”

அடுத்ததும் ஒத்துப்போகவில்லை. அதற்கடுத்ததும். ரூபிணி கண்ணைத் திறக்காமலே, வறண்ட வாயோடு, “ம்மா, பசாருக்கா லிஸ்ட் சொல்றீங்க?” என்றாள். சந்தைச் சாமான் என்று நினைத்துவிட்டாள்; மிஸ்ஸி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லோரியில் போன பெட்டிகளில் ஒன்று திரும்பாமலே இங்கே வந்து, என் பிள்ளையின் கையில் முடிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். காலைக் கோப்பின் எண் என்ன என்று யோசித்தேன். ஒரு எழுத்துகூட ஞாபகம் இல்லை. ஸ்கேனுக்குப் போய்வந்த அந்த நேரம் முழுக்க எவ்வளவு தண்ணீர் இவளுக்குள் போயிருக்கும், இவளுக்கு முன்னால் இந்தப் பம்பில் இருந்தவர் யார், அவருக்கு என்ன வேகம் வைத்திருந்தார்கள். ரூபிணியின் விரல்கள் வீங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். மிஸ்ஸி டாக்டரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

அப்போது ஏன் புவான் சல்மா ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. பின்னால் யாரோ வந்து நின்றமாதிரி இருந்தது.

“துர்கா, எந்தக் கருவியில போட்ட?”

“புதுசுலக்கா. உங்களுக்கு அனுப்பினேனே, அது.”

“சோதிச்சியா?”

“சோதிச்சேன்கா. ஒரே கோப்ப ரெண்டு தரம் போட்டேன். சாமா.”

“எதோட சாமா?”

நான் அழைப்பைத் துண்டிக்காமலே வாட்ஸ்அப்பைத் திறந்து, அவள் முன்பே அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். ‘வைல்’ இருந்தது. பழைய கதையை அவளுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், அவள் மறக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த வரி ‘md.update(buf)’ என்று மட்டும் இருந்தது. எத்தனை என்று இல்லை.

மறுபடியும் படகுதான். எல்லா நடையும் நிறைந்து வரும், கடைசி நடையைத் தவிர. கடைசிப் படகில் சில பேர்தான் வருவார்கள். ஆனால் ஜாவா அந்தப் படகைக் காலி செய்துவிட்டு ஏற்றுவதில்லை. புதிதாக வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார, பின்வரிசைகளில் முந்தைய நடையில் வந்தவர்கள் அப்படியே இருப்பார்கள். ‘சைபரிலிருந்து என் வரை’ என்று சொல்லாவிட்டால், அப்டேட் அவர்களையும் இன்னொரு தடவை எண்ணிவிடும். அப்படி வந்த எண்ணும் அறுபத்து நான்கு எழுத்துதான். பார்க்க அச்சாக ஹேஷ் போலவே இருக்கும். எத்தனை முறை போட்டாலும் அதே எண் வரும். தன்னோடு தான் ஒத்துப்போகும், வேறு யாரோடும் ஒத்துப்போகாது.

“துர்கா, அப்டேட்ல எத்தன பைட்டுன்னு சொல்லல பாரு. கடைசி நடை.”

“சாரிக்கா. இருங்க, இருங்க.” விசைகள். பிறகு படித்தாள், “ரெண்டு டுரியான், எட்டு ஆயாம்.”

சரவணன் திரையில் விரலை வைத்தார். “சாமா.”

“கோசோங் எப்பால், ஒண்ணு நாலு.”

“சாமா.”

கடைசிவரை நிறுத்தாமல் படிக்கச் சொன்னேன். நடுவில் போதும்கா என்று சரவணன் சொன்னார். போதாது என்றேன். கடைசி நான்கும் ஒத்துப்போனபோது மிஸ்ஸி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் குழாயைத் திரும்பப் பம்பில் பொருத்தி, வேகத்தை அழுத்தி, ஓடவிட்டார்.

“போய்ச் சாப்பிடுங்க தம்பி” என்றேன் சரவணனிடம். துர்காவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். திட்டவில்லை. அந்தத் தப்பை ஒருமுறையாவது செய்யாமல் யாரும் ஜாவாவில் கோப்பைப் படிக்கக் கற்றதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அறுபத்து நான்கு எழுத்தும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் தொழிற்சாலை அனுப்பிய கோப்புதான் இந்தப் பம்பில் இருக்கிறது. அனுப்பிய கோப்பு சரியானதா என்று அது சொல்லவில்லை. அதை மாடியில் யாரோ சோதித்தார்கள். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அது எங்கள் வேலை இல்லை என்று எத்தனை வருடம் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனை வார்டுகளில், எத்தனை பேர், எங்கள் பம்புக்குப் பக்கத்தில் இப்படி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாருக்கும் அழைத்துக் கேட்க ஒரு துர்கா இருந்திருக்க மாட்டாள்.

வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் நிரலை உங்கள் நிரலோடு ஒத்துப் பார்க்காதீர்கள். ஒன்றுமே இல்லாத வெறுங்கோப்புக்கு ஷா-256 போட்டால் உலகம் முழுக்க e3b0 என்றுதான் தொடங்கும். முதலில் அதைப் பாருங்கள். அது மட்டும் போதாது, துர்காவின் நிரலும் அதில் தேறியிருக்கும். பிறகு பெரிய கோப்பு ஒன்றை, படகு நிறையாத அளவு மிச்சம் வைக்கும் கோப்பாகப் பார்த்து எடுத்து, கணினியோடு வரும் கட்டளையில் போட்டு வரும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துகள் அறுபத்து நான்குக்குக் குறைந்தால், பைட்டை எழுத்தாக மாற்றும் இடத்தில் முன்னால் இருக்கும் சைபரை விழுங்கியிருப்பீர்கள். இப்போது ஒரே வரியில் எல்லாம் செய்து தரும் வசதிகள் வந்துவிட்டன, கேட்டால் எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. பயன்படுத்துங்கள். எதோடு என்ற கேள்வியை மட்டும் அவற்றிடம் விட்டுவிடாதீர்கள்.

ரூபிணி மெலிந்து போயிருக்கிறாள். மத்தியானத்தில் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாள். நான் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் அறை வாசலில் போய் நிற்கிறேன். மூச்சு சீராக வருகிறதா, காய்ச்சலுக்கு முன்னால் இப்படித்தான் கையை மடக்கிப் படுப்பாளா, முகம் இந்த நிறந்தானா. எவ்வளவு யோசித்தாலும் முன்பு எப்படி இருந்தாள் என்று திட்டமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நேற்றும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“சாமாதாம்மா” என்றாள், கண்ணைத் திறக்காமல். “போய்ப் படுங்க.”

எதோடு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. போய்ப் படுத்தேன்.